மீன் குரலின் அளவு: ‘எழுமட்டம்’, ‘சேர்மட்டம்’ சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மீன் ஒலிகளைப் பற்றித் தமிழில் எழுதச் சொற்கள் தேடிக்கொண்டிருக்கிறோம். மீன் எழுப்பும் ஒலியின் வலுவைச் சொல்ல ‘உரப்பு’ போதும் என்று இங்கே ஒரு கருத்து வந்தது. பள்ளிப் பாடநூலிலேயே பழகிய நல்ல சொல்தான். ஆனால் உரப்பு என்பது மனிதக் காது உணரும் அளவு. நீருக்குள் தொங்கவிடும் நீரொலிவாங்கி உணர்வது ஒலியழுத்தத்தை மட்டுமே. ஆகவே உரப்பைக் காதுக்கே விட்டுவிடுவோம்.

அதைவிடப் பெரிய சிக்கல் தொலைவு. பெர்லின் ஆய்வாளர்கள் 2024இல் டேனியோனெல்லா செரிப்ரம் என்ற மீனைப் பற்றி எழுதினார்கள். மியான்மர் நீரோடைகளில் வாழும், கண்ணாடி போன்ற உடல் கொண்ட, 12 மில்லிமீட்டர் மீன். ஆண் மீன் ஒரு குருத்தெலும்பால் தன் காற்றுப்பையை அடித்து 140 டெசிபலுக்கு மேல் ஒலி எழுப்புகிறது. உடனே ‘ஜெட் விமானம் போல’ என்று செய்திகள் வந்தன. அந்த 140 எந்த இடத்துக்கான எண்? மீனிலிருந்து ஓர் உடல் நீளத் தொலைவுக்கானது, அதாவது ஒரு விரலின் அகலம்கூட இருக்காது. ஒலி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பரவினால், தொலைவு இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டர் போவதற்குள் சுமார் 38 டெசிபல் கரைந்துவிடும். அப்புறம், டெசிபலை நீரில் 1 மைக்ரோபாஸ்கல் அழுத்தத்தை அடிப்படையாக வைத்து எண்ணுகிறோம், காற்றில் 20 மைக்ரோபாஸ்கலை. அந்த வேறுபாட்டாலேயே ஒரே அழுத்தத்துக்கு நீரில் எண் 26 டெசிபல் கூடிவிடும். எண்ணில் பிழையில்லை. அது எங்கே நின்று அளந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் பொருள் புரியும்.

அதனால் நமக்கு இரண்டு சொற்கள் வேண்டும். ஒன்று சோர்ஸ் லெவலுக்கு: மீனிலிருந்து ஒரு மீட்டரில் இருப்பதாகக் கணக்கிட்ட அளவு. இன்னொன்று ரிசீவ்டு லெவலுக்கு: கருவி இருக்கும் இடத்துக்கு வந்த அளவு. ‘ஊற்றுமட்டம்’ என்ற பரிந்துரையைப் பார்த்தேன். நீரைப் பற்றிய கட்டுரையில் அதைப் படிப்பவர் கிணற்று ஊற்றின் மட்டம் என்றுதான் நினைப்பார். ‘மூலமட்டம்’ தவறில்லை, ஆனால் ஒலியோடு ஒட்டவில்லை. நாம் ஒலி ‘எழுகிறது’ என்கிறோம், காதில் வந்து ‘சேர்கிறது’ என்கிறோம். எனவே எழுமட்டம், சேர்மட்டம். முதலில் ‘எட்டுமட்டம்’ என்று யோசித்தேன். காதுக்கு எட்டுவது என்று பொருள் அழகாக இருந்தது, ஆனால் டெசிபல் எண்களுக்கு நடுவே அதை 8 என்றே படிப்பார்கள்.

ஒரு சொல்லை வாக்கியத்தில் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். புளோரிடாவின் கேப் கோரல் நகரில் இரவில் வீடுகளுக்குள் கேட்ட முழக்கத்தைக் கழிவுநீர்க் குழாய்க் கோளாறு என்று மக்கள் நினைத்தார்கள். அது கால்வாயில் இணை தேடிய பிளாக் டிரம் மீன்களின் குரல். நம் கத்தாளை மீன் குடும்பம்தான் அதுவும். கத்தாளையை உயிரோடு கையில் பிடித்தால் வயிறு அதிர்வது உள்ளங்கையில் தெரியும். நம் மீனவர்கள் ‘நெட்டி’ என்று சொல்லும் காற்றுப்பையைச் சுற்றியுள்ள தசை துடிக்கும் துடிப்பு அது. இப்போது எழுதிப் பார்க்கிறேன்:

“பிளாக் டிரம் குரலின் எழுமட்டம் சுமார் 165 டெசிபல். 8 மீட்டருக்கு அப்பால் உள்ள நீரொலிவாங்கியில் சேர்மட்டம் 147 ஆகலாம். இடையில் வழியிழப்பு 18.”

எழுமட்டத்திலிருந்து வழியிழப்பைக் கழித்தால் சேர்மட்டம். விளக்கம் இல்லாமலே கணக்கு புரிகிறது அல்லவா? எனக்கு அது பெரிய மகிழ்ச்சி.

வரும் வழியில் ஒலி இழக்கும் அளவைச் சொல்லும் ‘வழியிழப்பு’ பற்றித்தான் கொஞ்சம் தயக்கம். ஆழமில்லாத கால்வாயில் தரையும் நீர்ப்பரப்பும் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் அது பரவும் விதமே மாறும், தொலைவு இரட்டிக்கும்போது 3 டெசிபல் மட்டுமே குறையும் இடங்களும் உண்டு. ஒலி பரந்து விரிவதால் குறைவதையும், நீர் உறிஞ்சுவதால் குறைவதையும் இந்த ஒரு சொல் சேர்த்தே தாங்க வேண்டும். ‘பரவலிழப்பு’ என்றால் முதலாவது மட்டும்தான் நினைவுக்கு வரும் என்பது என் எண்ணம். உங்களுக்கு எது சரியாகப் படுகிறது? ஒரு வாக்கியத்தில் வைத்து எழுதுங்கள்.