ஆனி, ஆடியில் ஊருக்கு வருகிறவர்களுக்கு: சாரல், மஞ்சு, திரும்பி வரும் வெயில்

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

ஜூன் மாதம் பிள்ளைகளுக்கு விடுமுறை, முதல் வாரமே வந்தால் நம் தென்காசிப் பக்கம் சாரல் இருக்குமா என்று சிங்கப்பூர் மதினி கேட்டிருந்தார்கள். மஸ்கட்டிலிருந்தும் நியூஜெர்சியிலிருந்தும் இதே கேள்வி தொலைபேசியில் வந்தது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

மதினி, அந்த முதல் வாரத்தை நம்ப வேண்டாம். கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்க வழக்கமான நாள் ஜூன் 1. ஆனால் 2023இல் ஜூன் 8ஆம் தேதிதான் தொடங்கியது. 2024இல் மே 30, 2025இல் மே 24. மூன்று ஆண்டுகளுக்குள் பதினைந்து நாள் முன்பின். கொல்லத்தில் மழை பிடித்த மறுநாளே நமக்குச் சாரல் வந்துவிடும் என்றும் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மேற்கே கொட்டியது போக மிச்சமிருக்கும் ஈரத்தை, ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று தள்ளிக்கொண்டு வர வேண்டும். அதுதான் நம் சாரல். செங்கோட்டையில் சட்டை நனையும். ஆலங்குளத்தில் இறங்கினால் வெயில் மண்டையைப் பிளக்கும். அந்தக் காற்று நிலைபெற ஆனியாவது பிறக்க வேண்டும். விடுமுறையின் கடைசிப் பத்து நாளுக்குத் தள்ளிப் பாருங்கள்.

இப்போது கத்திரி வெயில். சாயங்காலமானால் மேற்கே இடிக்கிறது, சில நாள் ஒரு பாட்டம் பெய்கிறது, மறுநாள் புழுக்கம் இன்னும் கூடுகிறது. இந்தக் கோடை மழையைச் சாரல் என்று நினைத்து யாரும் கிளம்பிவிட வேண்டாம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. கைப்பேசியில் தென்காசி என்று போட்டுப் பார்த்து, சூரியன் படம் வந்தால் பிள்ளைகளை அருவிக்கு அழைத்துப் போவது வழக்கமாகிவிட்டது. அந்தப் படம் ஊருக்கு மேலுள்ள வானத்தைச் சொல்லும், மலைக்குள் பெய்வதைச் சொல்லாது. 2024 மே 17 அன்று மலைமேல் பெய்த மழையால் பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். பருவமழை தொடங்கக்கூட இல்லை, கோடை மழைதான். அன்று மாலை நம் தெருவில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. மலை முகடு கறுத்திருந்தாலோ, விழுகிற தண்ணீரின் நிறம் மண்ணாக மாறினாலோ, சத்தம் திடீரெனக் கனத்தாலோ, காவலர் விசிலை எதிர்பார்த்து நிற்காமல் வெளியே வந்துவிடுங்கள். குற்றாலம் பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்தால் குளிக்கத் தடை போடுவார்கள். அன்றைக்கு அவர்களோடு மல்லுக்கு நிற்காதீர்கள். இத்தனை தூரம் வந்தோமே என்ற ஆதங்கம் எனக்கும் புரிகிறது. மறுநாள் குளிக்கலாம்.

திருவனந்தபுரத்தில் இறங்குகிறவர்கள் நடுச்சாமத்தில் மலைப்பாதை ஏற வேண்டாம். தென்மலை தாண்டியதும் மஞ்சு, அதாவது மலை மூடுபனி, இறங்கிவிட்டால் வண்டியின் முன்விளக்கு நம் கண்ணிலேயே திரும்பி அடிக்கும். புளியரை வளைவுகளில் எதிரே வரும் சரக்கு லாரி, பக்கத்தில் வந்த பிறகுதான் தெரியும். இரண்டு மணி நேரம் விமான நிலையத்திலேயே இருந்து டீ குடித்துவிட்டு, விடிந்தபின் மலை ஏறும் கணக்கில் கிளம்புங்கள். அந்த நேரத்தில் மேகம் மரங்களுக்கு நடுவே நகர்வதைப் பார்த்துக்கொண்டே வரலாம். பிள்ளைகளுக்குக் காட்ட அதைவிட என்ன இருக்கிறது! ரயிலில் வருகிறவர்கள் மலைக்குள் வரும் பதிமூன்று கண் பாலத்தில் அவர்களை எழுப்பிவிடுங்கள்.

ஆடி பிறந்துவிட்டால் சாரல் நிச்சயம் என்றும் எண்ண வேண்டாம். பருவக்காற்றின் தாழ்வழுத்தப் பள்ளம் இமயமலை அடிவாரத்துக்கு நகர்ந்துவிட்டால் மேற்குக் கடற்கரையில் மழை ஓய்ந்துவிடும். நமக்குக் காற்றும் நிற்கும், வெயில் திரும்பும். ஐந்தாறு நாளில் சரியாவதும் உண்டு, வாரக்கணக்கில் நீள்வதும் உண்டு. 2023 ஆகஸ்ட், 1901 முதல் உள்ள கணக்கிலேயே நாட்டின் மிக வறண்ட ஆகஸ்ட். அந்த மாதம் எங்கள் மொட்டைமாடியில் சித்திரையைப்போல மோர்மிளகாய் காய்ந்தது. கார் நெல் போட்டவர்கள் மேற்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம் பக்கம் முதலில் நிரம்புவது குண்டாறு. 36 அடி அணை, சில நாள் நல்ல மழையிலேயே மறுகால் பாய்ந்துவிடும். அடவிநயினார் அணை 132 அடி. குண்டாறு நிரம்பிய செய்தியை வைத்து மட்டும் கார் பயிர் தப்பிவிட்டது என்று மகிழ முடியாது.

வெயில் திரும்பும் அந்த நாட்கள்தான் வீட்டுப் பெரியவர்களுக்குச் சிரமம். சித்திரையில் சொல்லாமலே மோரும் நீராகாரமும் குடிப்பார்கள். சாரலில் ஒரு மாதம் குளிர்ந்தபின் தாகம் தெரிவதில்லை. புரட்டாசியில் பொன் உருகக் காயும், மண் உருகப் பெய்யும் என்பார்கள். ஆவணியிலேயே அது தொடங்கிவிடுகிறது. நீங்கள் விமானம் ஏறித் திரும்பிப் போவதும் அந்தச் சமயத்தில்தான். அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கும் வீடுகளுக்கு நானும் தெற்குத்தெரு அண்ணாச்சியும் நாள்தோறும் போய் வருகிறோம். நீங்களும் மதியம் ஒரு தடவை கூப்பிட்டு, தண்ணீர் குடித்தீர்களா என்று கேளுங்கள்.

நம் ஊர்ச் சங்கக் கூட்டத்தை ஆனி கடைசி ஞாயிற்றுக்கிழமை வைக்கலாம் என்பது என் எண்ணம். சாரல் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு, வளைகுடாப் பிள்ளைகளுக்கும் பள்ளி விடுமுறை தொடங்கியிருக்கும். வெள்ளிக்கிழமைக்குள் எத்தனை பேர், எந்த விமான நிலையம் என்று எழுதிவிட்டால் வண்டிகளுக்குச் சொல்லிவிடுவேன். பெரியவர்களுக்குக் கம்பளி கொண்டுவாருங்கள், இரவில் காற்று கூரை ஓட்டுக்குள் புகுந்து வருகிறது.