பதினோராம் நாள் படுத்துவிடுகிற டைம்டேபிள்: ஏடிஹெச்டியோடு சொந்தத் தொழில் செய்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

பள்ளத்தூர்ப் பலகாரம்:

வணக்கம். பள்ளத்தூரில் வீட்டிலேயே பலகாரம் போட்டு விற்கிறேன். தேன்குழல், சீப்புச் சீடை, மனகோலம், அதிரசம், மாவுருண்டை. முக்கால்வாசி ஆர்டர் வாட்ஸ்அப்பில் சென்னை, கோவையிலிருந்து வரும், கல்யாணச் சீருக்கு உள்ளூரிலும் கேட்பார்கள். உதவிக்கு இரண்டு அக்காக்கள் வருகிறார்கள். எனக்கு 37 வயது. போன வருஷம்தான் ஒரு மனநல மருத்துவர் ஏடிஹெச்டி, அதாவது கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்புக் குறைபாடு என்று சொன்னார். 12 வயதுக்கு முன்னாலேயே அறிகுறி இருந்ததா என்று தெரியவேண்டும், அம்மாவை அழைத்து வாருங்கள் என்றார். அம்மா யோசிக்கவே இல்லை. “புளி வாங்கக் கடைக்கு அனுப்பினால் நாய்க்குட்டியோடு வருவாள் டாக்டர்” என்று சொல்லிவிட்டார்.

பேர் தெரிந்ததில் ஒரு நிம்மதி, அவ்வளவுதான். பேர் தெரிந்ததால் அடுப்பு எரிந்துவிடாதே. என் சிக்கல் டைம்டேபிள். நோட்டில் எழுதிப் பார்த்தேன், போன் ஆப் வைத்துப் பார்த்தேன், கலர் கலராகச் சார்ட் போட்டு அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியும் பார்த்தேன். 5 மணிக்கு எழுந்திருப்பது, 6க்கு மாவு, 11க்கு பேக்கிங், 3க்கு கூரியர், 5க்கு கணக்கு. முதல் பத்து நாள் என்னைப் போல ஆள் கிடையாது. பதினோராம் நாள் யாராவது விருந்தாளி வருவார்கள், இல்லையென்றால் கரண்ட் போகும், சில நாள் ஒன்றுமே நடக்காது, சும்மா கை ஓடாது. ஒரு வேலை தவறினால் மிச்ச நாலும் சேர்ந்து படுத்துவிடும். மறுநாள் அந்தச் சார்ட்டைப் பார்த்தாலே எரிச்சல் வரும், கிழித்துப் போட்டுவிட்டுப் புதுச் சார்ட் வரையத் தொடங்குவேன். (வரைகிற வேலை மட்டும் பிரமாதமாக நடக்கும்.)

போன மாதம் ஆறு கிலோ மனகோலம் ஆர்டர். முறுக்கைப் பிழிந்து உடைத்து வைத்தாயிற்று, வெல்லப்பாகு கொதித்துக்கொண்டிருக்கிறது. தட்டுத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டேன், உருண்டது, ஆனால் எடுத்துத் தட்டில் போட்டால் ‘டங்’கென்று சத்தம் வரவில்லை. இன்னும் இரண்டு நிமிஷம். அந்த இரண்டு நிமிஷத்தில் லேபிள் கலரைப் பார்த்துவிடலாம் என்று போனை எடுத்தேன். நிமிர்ந்தது வாசனை வந்த பிறகுதான். இரண்டு நிமிஷமா இருபது நிமிஷமா, இன்றுவரை எனக்குத் தெரியாது. மூன்று கிலோ வெல்லம் கரி. பெரிய அக்கா ஒன்றுமே சொல்லாமல் சட்டியை முற்றத்துக்குக் கொண்டுபோய்த் தண்ணீரை ஊற்றினார். அந்தச் ‘சொய்ங்’ இன்னும் காதில் இருக்கிறது.

இதே நான்தான் அன்றைக்கு ராத்திரி 10 மணிக்கு உட்கார்ந்து 2 மணி வரை பசி தூக்கம் தெரியாமல் லேபிள் வரைந்தேன். சோம்பேறித்தனம் என்று யாராவது சொன்னால் அடிக்கலாம் போல இருக்கிறது. உடையாத ஒரு வழக்கத்தை எப்படித்தான் போடுவது? அதிகாலையில் எழுந்து தியானம் செய்யுங்கள் என்பதை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

ஆத்தங்குடிக்காரன்:

அக்கா, சிரித்துவிட்டேன், மன்னிக்கணும். நாய்க்குட்டி கதை எங்கள் வீட்டிலும் உண்டு, எங்களுடையது ஆட்டுக்குட்டி. நான் இன்னும் டாக்டரிடம் போகவில்லை, ஆனால் நீங்கள் எழுதியதில் முக்கால்வாசி நான்தான்.

டைல்ஸ் பட்டறை வைத்திருக்கிறேன். எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்கிறேன், காரணம் இருக்கிறது. கண்ணாடி மேல் அச்சை வைத்து ஒவ்வொரு கட்டத்திலும் கலர் சிமெண்டை ஊற்றுவோம். ஊற்றிவிட்டால் நிறுத்த முடியாது. அச்சைத் தூக்கி, மேலே உலர்ந்த சிமெண்ட் மணலைத் தூவி, கலவை போட்டு அழுத்தி முடிக்கிற வரைக்கும் கை வேறெங்கும் போகக்கூடாது. போனால் பூ கலங்கிவிடும். ஆனால் இறுகின கல் தண்ணீர்த் தொட்டிக்குள் போய்விட்டால், அப்புறம் நான் சினிமாவுக்கே போகலாம், அது பாட்டுக்கு ஊறும்.

ஆக, வேலை இரண்டே ஜாதி. காத்திருக்கிற வேலை, காத்திருக்காத வேலை. உங்கள் அடுக்களையில் பாகு காத்திருக்காது, அதிரச மாவு காத்திருக்கும். பிசைந்து வைத்தால் இரண்டு நாள் கழித்துக்கூட சுடலாம், சொல்லப்போனால் அப்போதுதான் நன்றாக வரும். உங்கள் டைம்டேபிள் இரண்டையும் ஒரே மாதிரி மணி போட்டுக் கட்டுகிறது. கூரியர் 3 மணி சரி, வண்டி போய்விடும், அது பாகு. கணக்கு 5 மணிக்குத்தான் எழுதணும் என்று யார் சொன்னது? அது அதிரச மாவு.

நான் மணி பார்ப்பதை விட்டு ஒன்றரை வருஷம் ஆகிறது. காலையில் இரண்டு சீட்டு. ஒன்றில் இன்றைய பாகு வேலைகள், மூன்றுக்கு மேல் போடமாட்டேன். இன்னொன்றில் மிச்சம் எல்லாம், எந்த வரிசையில் வேண்டுமானாலும், செய்யாவிட்டால் நாளைச் சீட்டுக்குப் போகும். பாகு வேலை நடக்கும்போது என் போன் இன்னொருத்தர் கையில் இருக்கும். போனில் அலாரம் வைக்காதீர்கள், அலாரத்தை நிறுத்தப்போய் லேபிள் பார்ப்பீர்கள். முறுக்கிவிடுகிற டைமர் ஒன்று பாத்திரக் கடையில் கிடைக்கும்.

சத்தம் கம்மி:

அண்ணன் சொன்னது அருமை, ஆனால் எல்லோருக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் ஆட்டிஸ்டிக், தேவகோட்டையில் வீட்டிலிருந்தே சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். ‘எந்த வரிசையில் வேண்டுமானாலும்’ என்று ஒரு சீட்டைக் கொடுத்தால் எதை முதலில் எடுப்பது என்று முடிவு செய்வதிலேயே என் காலை முடிந்துவிடும். அடுத்த வீட்டில் கிரைண்டர் ஓட ஆரம்பித்தால் அதுவும் போச்சு. ஆட்டிசமும் ஏடிஹெச்டியும் சேர்ந்தே இருக்கிறவர்களும் உண்டு, மனநல மருத்துவர்கள் பார்த்து முடிவு சொல்கிற கையேடான டிஎஸ்எம்மின் ஐந்தாம் பதிப்பு 2013இல் வருகிற வரை ஒரே ஆளுக்கு இரண்டையும் எழுதவே விதி கிடையாது. அதனால் உங்களுக்குப் புதுசு வேண்டுமா, பழகினது வேண்டுமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். சிலருக்கு அது நாளுக்கு நாள் மாறும்.

நான் தலையையும் வாலையும் மட்டும் கட்டிவைத்திருக்கிறேன். காலையில் முதல் மூன்று காரியம் என்றைக்கும் ஒன்றே: காபி, ஜன்னலை மூடுவது, நேற்றைய பில் கட்டை எடுப்பது. சாயங்காலம் கடைசி இரண்டும் ஒன்றே. நடுவில் நாள் எப்படி வேண்டுமானாலும் கிடக்கட்டும். அப்புறம், நாளைக்கு ஏதாவது மாறப்போகிறது என்றால் எனக்கு முந்தின ராத்திரியே தெரியணும், வீட்டில் அந்த ஒரு விதி மட்டும் கண்டிப்பு.

தொழில் விஷயம் ஒன்று. நீங்கள் ஜிஎஸ்டியில் இருந்து, மாதா மாதம் 3பி என்கிற வரிக் கணக்கு ரிட்டர்னைப் போட மறந்து நாளுக்கு 50 ரூபாய் தண்டம் அழுகிறீர்கள் என்றால், 5 கோடி வரை விற்றுமுதல் உள்ளவர்களுக்குக் காலாண்டுக்கு ஒரு 3பி போதும் என்று இருக்கிறது. நடு மாதங்களில் வரியை மட்டும் அடுத்த மாதம் 25க்குள் கட்டணும். மறதி உள்ளவர்களுக்கு நான் முதலில் செய்கிற வேலையே இதுதான், தேதிகளைக் குறைப்பது.

கானாடுகாத்தான் பெரியவர்:

ஆத்தா, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. இப்போது எதற்கெடுத்தாலும் ஒரு வியாதிப் பேர் வைத்துவிடுகிறார்கள். எங்கள் ஐயா பர்மாவில் கடையில் இருந்தவர், பெட்டியடிப் பையனாக, அதாவது கடையில் எடுபிடியாகச் சேர்ந்து மேலே வந்தவர். அன்றைய வரவு செலவை ஏட்டில் ஏற்றி, பெட்டியில் இருக்கும் காசோடு சரிபார்க்காமல் சோற்றில் கை வைக்கமாட்டார்கள். தலைவலி, காய்ச்சல் எதற்கும் விலக்கு இல்லை. நீயும் சோற்றோடு கணக்கைச் சேர்த்துப் பார். பசி மறக்காது.

பள்ளத்தூர்ப் பலகாரம்:

ஐயா, பசியையே மறக்கிற ஆள் நான், மேலே எழுதியிருக்கிறேனே! ஆனால் மணியோடு கட்டாமல் சாப்பாட்டோடு கட்டுவது பிடித்திருக்கிறது. வியாதிப் பேர் விஷயத்தில் மட்டும் ஒத்துக்கொள்ளமாட்டேன். பேர் வைக்காத 36 வருஷம் எனக்கு வேறு பேர்கள் இருந்தன.

@ஆத்தங்குடிக்காரன், இன்றைக்கே சீட்டு எழுதிவிட்டேன். பாகுச் சீட்டில் ஒன்பது வந்திருக்கிறது. ஆறை வெட்டுவதற்குள் தாவு தீர்ந்துவிட்டது.

மருந்துக்கடைப் பெண்:

அக்கா, அந்தப் பதினோராம் நாளைப் பற்றி. 21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்பார்கள், நம் ஊரில் 48 நாள் ஒரு மண்டலம் என்போம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்த ஒரு ஆய்வு உண்டு. ஒரு பழக்கம் தானாக நடக்க ஆரம்பிப்பதற்கு ஆளைப் பொறுத்து 18 நாளிலிருந்து 254 நாள் வரை என்று கணக்கு வந்தது, நடுவில் 66. எனக்குப் பிடித்தது இன்னொரு முடிவு: இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய சேதம் எதுவும் இல்லை. அவர்கள் ஏடிஹெச்டி உள்ளவர்களாகத் தேர்ந்தெடுத்துப் பார்க்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் ஒரு நாள் போனால் சார்ட்டையே கிழிக்க அவசியமில்லை. உங்களைக் கெடுப்பது அந்தக் கிழிக்கிற கைதான் என்று தோன்றுகிறது.

பெரிய அக்காவைச் சும்மா பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். கணக்கு எழுதும்போது அவர் பூ கட்டிக்கொண்டிருந்தாலும் போதும், ஒரு ஆள் இருந்தாலே நமக்கு வேலை ஓடும். பரீட்சைக்கு நான் படித்ததெல்லாம் அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்துதான். மாத்திரை பற்றிப் பலர் கவுண்டரில் கேட்கிறார்கள்: ஏடிஹெச்டிக்குக் கொடுக்கிற மெத்தில்ஃபெனிடேட்டை மருத்துவர் சீட்டு இல்லாமல் தரவே கூடாது, தெரிந்தவரிடம் வாங்கிப் போடுவதெல்லாம் வேண்டாம். இன்னும் யாரையும் பார்க்காத ஆத்தங்குடி அண்ணன் போன்றவர்கள் முதலில் யாரிடமாவது பேசணும் என்றால் 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம்.

பள்ளத்தூர்ப் பலகாரம்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். சார்ட் சுவரில் இல்லை. இரண்டு சீட்டை உப்பு ஜாடிக்கு அடியில் வைக்கிறேன். பன்னிரண்டாம் நாள் மதகுபட்டியில் கல்யாணம், நாலு நாள் சீட்டே எழுதவில்லை. ஐந்தாம் நாள் பழைய சீட்டின் பின்பக்கத்திலேயே எழுதித் தொடங்கிவிட்டேன், புதிதாக எதுவும் வரையவில்லை, இது எனக்குச் சாதாரண விஷயம் இல்லை. கணக்கு இன்னும் தகராறுதான், இருபது நாளில் ஏழு நாள் எழுதியிருக்கிறேன், ஏழும் பெரிய அக்கா வெற்றிலை போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்த நாட்கள். லேபிள் வேலையை ராத்திரிக்கே விட்டுவிட்டேன், ஆனால் 11க்கு வீட்டுக்காரர் லைட்டை அணைத்துவிடுவார், அது ஒப்பந்தம். சண்டையும் உண்டு.

நாளைக்கு நாலு கிலோ மனகோலம். டைமர் வாங்கிவிட்டேன், வைத்த இடம்தான் தெரியவில்லை. போனை இப்போதே தந்துவிடுகிறாயா, காலையில் தருகிறாயா என்று அக்கா முந்தானையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.