வயசான காலத்துல இழுவைக் கேரவனை (காருக்குப் பின்னால கொக்கியில மாட்டி இழுக்கற வீட்டு வண்டி) விட்டு மோட்டார்ஹோமுக்கு (எஞ்சினும் வீடும் ஒரே வண்டி) மாறுனவங்க, மனசுல நிக்கற ஒரே சம்பவத்தைச் சொல்லுங்க (ஒவ்வொரு பதிலுக்கும் மேல இருக்கறது எழுதுனவரோட புனைபெயர்)

குடிமங்கலம் காத்து

பல்லடத்துல இருந்து உடுமலை ரோடு, ஆடி மாசம், மத்தியானம் மூணு மணி. பாலக்காட்டுக் கணவாய்க் காத்து மேற்கால இருந்து, அதாவது வலது விலாவுல. 1,100 கிலோ கேரவன். எதுக்க ஒரு டிப்பர். அது பக்கத்துல வர்ற நொடி காத்து அடைபடுது, கடந்த நொடி மொத்தமா வந்து அறையுது. வாலு இடது, வலது, இடதுன்னு மூணு ஆட்டம். கண்ணாடியில கேரவனோட பக்கவாட்டு ஜன்னல் முழுசாத் தெரிஞ்சுது. நேரா வர்ற கேரவனுக்கு அந்த ஜன்னல் கண்ணாடியில தெரியவே கூடாதுங்க.

காரணம் பின்னாடிதான் கெடைச்சுது. தண்ணிக் கேன் ரெண்டு, மடக்கு நாற்காலி, ஜாக்கி எல்லாமே அச்சுக்குப் பின்னால. கொக்கி மேல விழற எடை வெறும் 35 கிலோ. மொத்த எடையில 5-ல இருந்து 7 சதம் கொக்கியில உட்காரணும், இந்த வண்டிக்கு 55-ல இருந்து 77 கிலோ. ஆடும்போது பிரேக்கை மிதிச்சா காரும் கேரவனும் கொக்கியில மடங்கிரும். ஆக்சிலேட்டரை விட்டுட்டு ஸ்டியரிங்கை நேராப் புடிச்சுக்கறது ஒண்ணுதான் வழி.

அறுபது வயசுக்கு மேல அந்த மூணு ஆட்டத்தை இன்னொருக்கா கை தாங்காது. மோட்டார்ஹோமுல நடுவுல மூட்டே இல்லை, அதனால வால் ஆட்டமும் இல்லை.

ஆழியார் இறக்கம்

வால்பாறையில இருந்து இறங்கறப்ப ஒம்பதாவது வளைவு, காட்சிமுனை இருக்கற எடம். நிறுத்திக் கதவைத் திறந்ததுமே தீஞ்ச வாடை. காரோட பிரேக் சாதாரணச் சூடு. கேரவன் சக்கரத்து ஹப்பு மேல ரெண்டு சொட்டுத் தண்ணி விட்டா "சுர்ர்"னு ஆவியாப் போச்சு.

அந்தக் கேரவனுக்குத் தள்ளுவிசை பிரேக். கார் வேகம் குறைஞ்சா கேரவன் முன்னால தள்ளும், அந்தத் தள்ளுதான் பிரேக்கைப் புடிக்கும். 40 கொண்டை ஊசி வளைவும் இறக்கம்னா கொக்கித் தண்டு அமுங்கினபடியே இருக்கும், பிரேக் விடுபடவே விடுபடாது. மூணு நாலு வளைவுக்கு ஒருக்கா நின்னு ஆற விட்டுத்தான் இறங்கணும்.

கரூர் பாடிக்கட்டு

முதல்ல எழுதுன அண்ணனுக்கு: வால் ஆட்டம் இல்லைங்கறது சரி. காத்துக்கு மோட்டார்ஹோம் மருந்துன்னு சொன்னா ஒத்துக்க முடியாதுங்க. ஒம்பதடி உசரத்துப் பக்கவாட்டை அதே குடிமங்கலம் காத்து அறைஞ்சா வண்டி மொத்தமா ஒரு அடி நகர்ந்து போகும். ஆடிக் காத்துல 60 கி.மீ. வேகத்துக்கு மேல போகாம இருக்கறது ரெண்டு வண்டிக்கும் பொது.

என் கண்ணுல இன்னும் நிக்கறது ஒரு எடை மேடைச் சீட்டு. புதுசாக் கட்டி முடிச்ச வண்டி, ஆர்.சி.யில அனுமதி எடை 3,500 கிலோ. டீசல் ஃபுல், தண்ணி இல்லை, ஆள் இல்லை. சீட்டுல 3,060. வாங்க வந்த பெரியவர் "440 கிலோ மிச்சம் இருக்குதே, தாராளம்"ன்னாரு.

அங்கேயே கணக்குப் போட்டோம். ஆள் ரெண்டு பேர் 140. தண்ணி டேங்க் 120 லிட்டர், அது 120 கிலோ. பாத்திரம், படுக்கை, துணி, மளிகை 100. வண்டி பக்கவாட்டுல விரிக்கற பந்தல், மேசை, நாற்காலி 45. 405 ஆச்சு. பால் வாங்கப் போகப் பின்னால ஒரு மொபெட் மாட்டணும்னாரு, அது 80. மொத்தம் 485. கிளம்பறதுக்கு முன்னாலயே 45 கிலோ அதிகம்.

இன்னொண்ணையும் பாருங்க. ரெண்டு அச்சுக்கும் நடுவுல 3.2 மீட்டர். மொபெட் தொங்கறது பின் அச்சுக்கு 1.6 மீட்டர் பொறத்தால. நெம்புகோல் மாதிரி வேலை செய்யும். 80 கிலோ மொபெட் பின் அச்சுல 120 கிலோவா உட்காரும், முன் அச்சுல இருந்து 40 கிலோவைத் தூக்கிரும். முன்பக்கம் லேசானா ஸ்டியரிங் புடிமானம் போகும், அதுவும் மழையில. அதனால மேடையில மொத்த எடையோட நிறுத்தாதீங்க. முன் சக்கரத்தை மட்டும் ஏத்தி ஒரு சீட்டு, பின் சக்கரத்தை மட்டும் ஏத்தி ஒரு சீட்டு. நம்ம ஊர்ல நூல் மில்லு, கல் குவாரி, அரிசி ஆலைன்னு எங்க பார்த்தாலும் மேடைதான், சோம்பல் படாதீங்க.

வண்டி கட்டறவங்க கிட்டயும் கண்டிசனாச் சொல்லணும். அலமாரிக்கு 18 மி.மீ. பிளைவுட் வேண்டாம், எட்டுக்கு நாலு ஷீட்டு ஒண்ணே 30 கிலோவுக்கு மேல. 9 மி.மீ. போட்டு ஓரத்துக்கு மட்டும் சட்டம் வைக்கச் சொல்லுங்க. சமையல் மேடைக்கு கிரானைட் கேட்டு அடம் புடிக்கறவங்க உண்டு. சதுர அடிக்கு நாலரைக் கிலோ, அது வீட்டுக்கு. தண்ணி டேங்கை வண்டியோட கடைசி மூலையில வைக்க விடாதீங்க, அச்சுக்கு மேலயோ முன்னாலயோ வரணும். கேஸ் சிலிண்டர் பெட்டிக்குத் தரைமட்டத்துல வெளிய திறக்கற ஓட்டை கட்டாயம். எல்.பி.ஜி. காத்தை விடக் கனம், கசிஞ்சா கீழதான் தேங்கும். மேல ஜன்னல் திறந்திருக்குதுன்னு நம்பக் கூடாது.

பேப்பர் விசயம். பழைய வேனை வாங்கி உள்ள கட்டில் போட்டு ஓட்டிரலாம்னு யோசிக்காதீங்க. மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-ஆம் பிரிவு. ஆர்.சி.யில இருக்கற விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது. மோட்டார் கேரவனுக்குன்னு ஏ.ஐ.எஸ். 124-ங்கற வாகனத் தரநிலை தனி விதியே இருக்குது. விபத்துன்னு வந்தா இன்சூரன்ஸ்காரர் முதல்ல பார்க்கறது அந்த ஆர்.சி. புத்தகத்தைத்தான்.

கோபி வாய்க்கால்

கரூர் அண்ணா, எடை சரிங்க. ஆனா வயசானவங்க மாறறதுக்குக் காரணம் எடையும் இல்லை, காத்தும் இல்லை. முழங்கால்.

கொக்கி மாட்டறதைப் பாருங்க. குனிஞ்சு கேரவனோட சின்ன முன் சக்கரத்தைத் திருகி ஏத்தணும், காரைப் பின்னால எடுக்கணும், காரோட கொக்கிப் பந்து மேல இறக்கணும், அறுபடு கம்பியை (கொக்கி கழண்டா கேரவன் பிரேக்கைப் புடிக்கறது) மாட்டணும், ஏழு முனைப் பிளக்கைச் சொருகணும், கேரவன் ஆடாம நிக்க வெச்ச நாலு மூலைக் காலையும் மண்டி போட்டுத் தூக்கணும். போய்ச் சேர்ந்ததும் இதே வேலை தலைகீழா. பவானிசாகர்ல ஒரு அம்மா மழையில மண்டி போட்டு நாலாவது காலைத் திருகிட்டு இருந்தாங்க, ஐயா குடையைப் புடிச்சுட்டு நின்னாரு. அவருக்குக் குனிய முடியாது. அதைப் பார்த்த பொறவுதான் எங்க வீட்டுல பேச்சு ஆரம்பிச்சுது.

மோட்டார்ஹோம் பார்க்கப் போறவங்க முதல் படி உசரத்தை அளங்க. பல வண்டியில தரையில இருந்து ஒன்றரை அடி. அரை அடி, முக்கால் அடிக்கு மேல வேண்டாம், கீழ ஒரு மடக்குப் படி வைக்கச் சொல்லுங்க. கைப்பிடி ரெண்டு பக்கமும் வேணும். டிரைவர் தலைக்கு மேல ஏணி வெச்ச படுக்கை பேரனுக்கு, நமக்கு இல்லை. ராத்திரி ஒருத்தரைத் தாண்டாம இன்னொருத்தர் எந்திரிச்சுப் போற மாதிரி கட்டில் அமையணும்.

சேலம் லைன்

லைசென்ஸைப் பத்தி யாருமே பேசலையே. எல்.எம்.வி. (இலகு ரக வாகன) லைசென்ஸ்ல மொத்த எடை 7,500 கிலோ வரைக்கும் ஓட்டலாம்னு 2024 நவம்பர்ல உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வே சொல்லியாச்சு. 55 வயசுக்கு மேல புதுப்பிச்சா அஞ்சு வருசம்தான் தருவாங்க, 1ஏ படிவத்துல டாக்டர் சான்று வேணும். இங்கிலாந்துல புள்ளைங்க கூடப் போய்த் தங்கறவங்க கவனிங்க, அங்க கணக்கு வேற. அங்க 1997-க்கு முன்னால கார் லைசென்ஸ் எடுத்தவங்களுக்கு 7.5 டன் வரைக்கும் உரிமை இருக்குது, ஆனா 70 வயசுல மருத்துவப் பரிசோதனை இல்லாம அது தொடராது. பொறவு 3.5 டன்னோட நிறுத்திக்கணும். அதனாலயே அங்க வயசானவங்க 3.5 டன்னுக்குள்ள வண்டி தேடறாங்க.

குடிமங்கலம் காத்து

கரூர் அண்ணன் சொன்ன 60 கி.மீ. கணக்கு சரி, ஒத்துக்கறேன். கொக்கி எடையை எப்படிப் பார்க்கறதுன்னு தனியாக் கேட்டிருந்தாங்க, அவங்களுக்கு: சாமான் எல்லாம் ஏத்தி, சமதரையில கேரவனை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை போடுங்க. குளியலறை எடை மெஷினை கொக்கிக்கு நேர் கீழ வைங்க. கொக்கி காருல மாட்டும்போது எந்த உசரமோ அந்த உசரம் வர்ற மாதிரி ஒரு மரத்துண்டை அறுத்து மெஷின் மேல நிறுத்தி, முன் சக்கரத்தைத் திருகிக் கொக்கியை அது மேல இறக்குங்க. முன் சக்கரம் தரையை விட்டு எழும்பினதும் மெஷின் காட்டறதுதான் எடை. உசரம் மாறினா எண்ணும் மாறும்.

ஆழியார் இறக்கம்

மாறியாச்சுன்னா இதையும் சேர்த்துக்குங்க. மோட்டார்ஹோம் வருசத்துல பத்து மாசம் நிக்கற வண்டி. டயர் பட்டன் புதுசாத்தான் இருக்கும், ரப்பர் செத்திருக்கும். பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும், 2319-ன்னா 2019-ல 23-ஆவது வாரம் வார்த்தது. பழைய வண்டி வாங்கப் போறவங்க கிலோமீட்டரைப் பார்க்கறதுக்கு முன்னால குனிஞ்சு அதைப் படிங்க, ஸ்டெப்னியிலயும். பிரேக் ஆயிலும் ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்தணும். அது சும்மா நின்னாலும் ஈரத்தை உறிஞ்சும், ஈரம் சேர்ந்த ஆயில் மலை இறக்கத்துல கொதிச்சா பெடல் பஞ்சு மாதிரி உள்ள போயிரும். ஏறுன கியர்லயே இறங்குங்க.