‘மூட்’: விவாதத்துக்குரியதா, விவாதமே வேண்டாததா?

கேள்வி: மொழிபெயர்ப்பில் ஒரு சிக்கல். ‘மூட்’ (moot) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் ‘விவாதத்துக்குரிய’ என்று இருக்கிறது. ‘இட் இஸ் எ மூட் பாயிண்ட் வெதர் (whether)…’ என்ற இடத்தில் அது பொருந்துகிறது. ‘தி ரெயின் மேட் தி ஆர்க்யுமென்ட் மூட்’ என்பதில் உதைக்கிறது. ‘தி பிளான் வாஸ் மூட்டட்’ சுத்தமாகப் புரியவில்லை.

பதில் 1: மூன்றாவது வினைச்சொல். திட்டம் ‘முன்வைக்கப்பட்டது’, அவ்வளவுதான். ஏற்றார்களா, தள்ளினார்களா என்பது அதில் இல்லை; ‘முடிவானது’ என்று எழுதிவிடாதீர்கள்.

இரண்டாவதில் மழை வந்துவிட்டதால் வாதத்துக்கு வேலையில்லாமல் போனது. ‘மேட்’, ‘பிகேம்’, ‘ரெண்டர்ட்’, ‘நவ்’ பக்கத்தில் வந்தால் பெரும்பாலும் இந்தப் பொருள்தான்.

பதில் 2: வேர் பழைய ஆங்கிலத்தின் ‘கெமோட்’, அதாவது கூட்டம், அவை. அவையில் பேச வேண்டியது என்பதிலிருந்து ‘முடிவு காணாதது’ வந்தது. 16ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தின் சட்ட மாணவர்கள் கற்பனை வழக்கை வைத்து வாதாடிப் பழகுவதற்கும் இதே பெயர். ‘மூட் கோர்ட்’ அந்த வழியில் வந்ததுதான். கற்பனை வழக்கில் யார் வென்றாலும் யாருக்கும் எதுவும் கிடைக்காது அல்லவா? ‘நடைமுறைப் பயன் இல்லாதது’ என்ற பொருள் அங்கிருந்து கிளைத்து, அமெரிக்காவில் வேரூன்றிவிட்டது.

கேள்வி: அப்படியானால் முதல் வாக்கியத்தை எழுதியவர் அமெரிக்கர் என்றால்?

பதில் 2: அங்கேதான் வழுக்கும். ‘வெதர்’ தொடர்ந்தால் ‘இன்னும் தீராத கேள்வி’ என்ற பொருளுக்கே வாய்ப்பு அதிகம், ஆனால் உறுதியில்லை. அடுத்த இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள். ஆசிரியர் இரு தரப்பையும் எடைபோட்டால் ‘விவாதத்துக்குரியது’. விஷயத்தைக் கைவிட்டு நகர்ந்தால் ‘இனிப் பேசிப் பயனில்லை’.

பதில் 1: அமெரிக்க நீதிமன்றச் செய்தி என்றால் குழப்பமே வேண்டாம். 1974இல் டிஃபூனிஸ் வழக்கை உச்ச நீதிமன்றம் ‘மூட்’ என்று முடித்தது. சட்டக் கல்லூரியில் இடம் கேட்டவர், அதற்குள் படிப்பின் கடைசிப் பருவத்துக்கே வந்துவிட்டார். தீர்ப்பால் அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. இங்கே ‘தள்ளுபடி’ என்று மட்டும் எழுதினால் வாதம் தோற்றதாகப் படும். ‘தீர்ப்புக்கு அவசியமற்றுப் போனது’ என்று விரித்தே எழுதுங்கள்.

பதில் 3: மூலத்தில் ‘மியூட் பாயிண்ட்’ என்று இருந்தால் அது பிழை. ‘ஊமை’ என்று தமிழாக்கி வைக்காதீர்கள்!