காட்டு ரோஜா கருகுகிறது, உப்புக் காற்றில் ரோஜா வளர்ப்பவர்கள் உதவுங்கள்

மண்டபம் பக்கம், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு. நண்பர் தந்த ரோசா கிளைனோபில்லா பதியன் தை மாதத்திலிருந்து தொட்டியில் இருக்கிறது. நன்றாகத்தான் துளிர்த்தது. ஆடிக் காற்று தொடங்கியதும் இலை விளிம்பு காபித்தூள் நிறத்தில் கருகி உள்நோக்கி வருகிறது. நரம்பு மட்டும் பச்சை, இடையெல்லாம் மஞ்சள். இலைக்கு அடியில் பூச்சி எதுவும் இல்லை.

போர் தண்ணீரை நிறுத்திவிட்டுக் காவிரிக் குடிநீர்தான் ஊற்றுகிறேன். செம்மண்ணும் மக்கிய சாணமும் கலந்து மண்ணை மாற்றினேன். பஞ்சகவ்யம் தெளித்தும் பயனில்லை. காற்றுப் பக்கம் கீற்றுத் தட்டி கட்டிய பிறகு கருகல் கொஞ்சம் மெதுவானது, அவ்வளவுதான்.

கடை ரோஜா என்றால் வேறு வாங்கிக்கொள்ளலாம். இது வங்காளச் சதுப்புகளிலும் ஆற்றோரங்களிலும் வளரும் நம் நாட்டுக் காட்டு இனம். ஐந்தே இதழில் வெள்ளைப் பூ. காட்டு ரோஜாக்களில் பெரும்பாலானவை குளிர்ப் பிரதேசத்தவை. இதுவோ வெயிலையும் தேங்கிய தண்ணீரையும் தாங்கும். புதிய ரோஜா ரகங்களை உருவாக்கும் கொடைக்கானல் வீரராகவன் வெப்பம் தாங்கும் ரகங்களை உருவாக்க இதைத்தான் எடுத்துக்கொண்டார். இது வளரும் ஈரநிலங்கள் வயலாகவும் மனையாகவும் மாறிக்கொண்டிருக்கின்றன. அதனால் கையில் இருக்கும் ஒரு செடியையும் விட மனமில்லை.

இரண்டு தண்டுகள் இன்னும் பச்சையாக இருக்கின்றன. இப்போதே அவற்றை வெட்டிப் பதியம் போடலாமா, ஐப்பசி மழை வரை தொடாமல் விடலாமா?