கிரெடிட் கார்டு பாயிண்ட்டை வைத்து அம்மா அப்பாவை மெல்பர்ன் கூட்டிப் போக முடியுமா?

வில்லிவாக்கத்தான்:

எல்லாருக்கும் வணக்கம். அக்கா மெல்பர்னில் இருக்கிறாள், போய்ப் பல வருடம் ஆகிறது, அம்மா அப்பா இன்னும் அவள் வீட்டைப் பார்த்ததில்லை. அடுத்த வருடம் அவர்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு நானும் மனைவியும் போகலாம் என்று திட்டம். அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, மூட்டுவலி உண்டு, அதனால் நீண்ட நேரம் உட்கார்ந்து வருவதுதான் கவலை. யூடியூபில் ஒவ்வொருவரும் "ஒரு ரூபாய் செலவில்லாமல் பிசினஸ் கிளாஸ்" என்று போடுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறேன். எங்கள் வீட்டுச் செலவு மாதம் எண்பதாயிரம் போல ஆகும், அதில் இருபத்தைந்தாயிரம் வாடகை. இருப்பது ஒரே ஒரு சாதாரண கிரெடிட் கார்டு, பில் வந்ததும் முழுசாகக் கட்டிவிடுவேன், நிலுவை வைத்ததில்லை. இந்த வருமானத்தில் இருப்பவனுக்கு இந்த பாயிண்ட் விஷயம் உண்மையிலேயே உதவுமா, இல்லை மாதம் லட்சக்கணக்கில் தேய்ப்பவர்களுக்கு மட்டும்தானா? உதவும் என்றால் எங்கிருந்து தொடங்குவது?

மைல்மணி:

உதவும். ஆனால் நான்கு பேருக்கும் போக வர இலவச டிக்கெட் என்று எதிர்பார்க்காதீர்கள். கணக்கை முதலில் பார்த்துவிடலாம். வாடகைக்கு இப்போது பெரும்பாலான கார்டுகளில் பாயிண்ட் கிடையாது, பெட்ரோல், வாலட்டில் பணம் ஏற்றுவது, அரசுக்குக் கட்டும் வரி இதெல்லாமும் அநேகமாக அப்படித்தான். ஆக உங்களுக்கு மிஞ்சுவது மாதம் ஐம்பத்தைந்தாயிரம், வருடத்துக்கு 6.6 லட்சம். எச்டிஎஃப்சி இன்ஃபினியா மாதிரி உயர்ந்த கார்டில் 150 ரூபாய்க்கு 5 பாயிண்ட், அதாவது அந்த 6.6 லட்சத்துக்கு 22,000 பாயிண்ட். அந்தக் கார்டை எல்லாருக்கும் தரமாட்டார்கள், வருடக் கட்டணமே 12,500 ரூபாய், மேலே ஜிஎஸ்டி. இருந்தாலும் மேல்மட்டம் எது என்று தெரியட்டும் என்பதற்காகச் சொல்கிறேன். அந்தப் பாயிண்ட்டை சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல் திட்டமான கிரிஸ்ஃப்ளையர் கணக்குக்கு, ஒரு பாயிண்டுக்கு ஒரு மைல் என்று மாற்றலாம். மைல் என்பது அந்த விமான நிறுவனத்தின் பாயிண்ட், அதைக் கொடுத்து டிக்கெட் எடுக்கலாம். சென்னையிலிருந்து சிங்கப்பூர் வரை எகானமியில் சேவர் டிக்கெட், அதாவது குறைந்த மைலில் கிடைக்கும் டிக்கெட், ஒருவழிக்கு இருபதாயிரம் மைலுக்கு முன்பின் ஆகும், மெல்பர்ன் வரை என்றால் அதைவிட நிறைய கூடும். ஒரு வருடச் செலவில் ஒருவர் சிங்கப்பூர் வரை போகலாம், அவ்வளவுதான். வீடியோவில் இந்தக் கணக்கைக் காட்டமாட்டார்கள்.

அதனால்தான் பாயிண்ட் எங்கே தேவையோ அங்கே மட்டும் போட வேண்டும் என்கிறேன். உங்கள் விஷயத்தில் அது அப்பாவின் முழங்கால். சென்னை–சிங்கப்பூர் நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், அதைச் சமாளித்துவிடலாம். சிங்கப்பூர்–மெல்பர்ன்தான் ஏழரை மணி நேரம் போல, பெரும்பாலும் ராத்திரி விமானமாக வேறு அமையும். நான்கு டிக்கெட்டையும் காசு கொடுத்தே வாங்கிவிட்டு, அந்த நீண்ட பகுதிக்கு மட்டும் அம்மா அப்பாவை மைல் கொடுத்து மேல் வகுப்புக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள். ஒன்று மட்டும் கவனம்: எகானமியில் ஆக மலிவான 'லைட்' கட்டண டிக்கெட்டை மைல் வைத்து உயர்த்த முடியாது. டிக்கெட் எடுக்கும் நேரத்திலேயே அதற்கு மேல் உள்ள கட்டண வகையை எடுக்க வேண்டும், விலை வித்தியாசத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மைலுக்கு என்ன மதிப்பு கிடைக்கிறது என்று பார்க்க ஒரே ஒரு வகுத்தல் போதும். அதே நாள் அதே விமானத்துக்குக் காசு விலை என்ன, அதிலிருந்து மைல் டிக்கெட்டுக்கும் நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய வரியைக் கழியுங்கள், மீதியைத் தேவையான மைலால் வகுங்கள். உதாரணத்துக்கு டிக்கெட் 24,000, வரி 4,000, மைல் 20,000 என்றால் ஒரு மைலுக்கு ஒரு ரூபாய். இன்ஃபினியா வைத்திருப்பவருக்கு அந்த வங்கியின் ஸ்மார்ட்பை தளத்தில் விமான டிக்கெட் எடுத்தாலே ஒரு பாயிண்ட் ஒரு ரூபாய், ஆக ஒரு ரூபாய்க்குக் கீழே போனால் மைலாக மாற்றவே கூடாது. பிசினஸ் வகுப்பில் இந்த எண் நன்றாக ஏறும், அங்கேதான் மைலுக்கு மரியாதை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸை நான் முதலில் சொல்வதற்குக் காரணமும் வரிதான். 2017-லேயே அவர்கள் தங்கள் சொந்த விமானங்களின் மைல் டிக்கெட்டுக்கு எரிபொருள் கூடுதல் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். வேறு சில நிறுவனங்களில் மைலையும் கொடுத்து, கூடுதல் கட்டணம் என்று ஒரு பெரிய தொகையையும் கட்ட வேண்டி வரும், பார்த்தால் வயிறு எரியும்.

கவிதா ஈரோடு:

மணி அண்ணா சொல்வது சரிதான், ஆனால் நான் ஒரு மாற்றுக் கருத்து சொல்கிறேன். மாதம் ஐம்பத்தைந்தாயிரம் செலவு செய்பவருக்கு கேஷ்பேக் கார்டே போதும். ஆன்லைன் செலவுக்கு 5 சதவீதம் வரை தரும் கார்டுகள் இருக்கின்றன, மாதத்துக்கு உச்சவரம்பு உண்டு, அதற்குள்தான் உங்கள் செலவு நிற்கும். காசு கையில் வந்தால் எந்த விமானத்திலும் சீட் வாங்கலாம், தள்ளுபடி வந்த அன்றைக்கே வாங்கலாம். பாயிண்ட் அப்படி இல்லை, அது நம் பணம் மாதிரித் தெரியும், ஆனால் அதன் விலையை நிர்ணயிப்பது வேறு யாரோ. 2023 செப்டம்பரில் ஆக்சிஸ் வங்கியின் மேக்னஸ் கார்டுக்கு என்ன நடந்தது என்று இங்கே பழைய ஆட்களுக்குத் தெரியும், 5 பாயிண்டுக்கு 4 மைல் என்று இருந்தது 5-க்கு 2 ஆனது, மாதம் ஒரு லட்சம் செலவு செய்தால் கிடைத்த 25,000 பாயிண்டும் போனது. சேர்த்து வைத்துக் காத்திருந்தவர்களுக்குப் பாதி மதிப்பு போயிற்று.

இன்னொன்று, ஒரு மாதம் பில் தவறினாலும் மாதத்துக்கு மூன்றரை சதவீதத்துக்கு மேல் வட்டி, அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. வருடக் கணக்கில் பார்த்தால் 40 சதவீதத்தைத் தாண்டும். நீங்கள் முழுசாகக் கட்டுபவர் என்பதால் பயமில்லை, ஆனால் "இன்னும் பத்தாயிரம் தேய்த்தால் போனஸ்" என்று ஒரு மெசேஜ் வரும் பாருங்கள், அதற்காக வேண்டாத பொருளை வாங்க ஆரம்பித்தால் கதை கந்தல்.

மைல்மணி:

கவிதா, எகானமியில் மட்டும் போகப்போகிறவருக்கு நான் உங்கள் பக்கம்தான், கேஷ்பேக்தான் ஜெயிக்கும். அப்பாவைப் படுக்க வைத்துக் கூட்டிப் போக வேண்டும் என்றால்தான் கணக்கு மாறுகிறது. காசு கொடுத்து பிசினஸ் எடுக்க இவருக்குக் கட்டுப்படியாகாது, மைலில் எடுத்தால் முடியும். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் பாயிண்ட் கார்டு. செலவை ஏற்றாமல் பாயிண்ட் ஏற வழி இரண்டு. கார்டு எடுக்கும்போது தரும் வெல்கம் போனஸ் ஒன்று. எப்படியும் கட்டியாக வேண்டிய பெரிய தொகைகளை, இன்ஷூரன்ஸ் பிரீமியம், பிள்ளைகள் இருந்தால் ஸ்கூல் ஃபீஸ், புது ஃப்ரிட்ஜ், இதையெல்லாம் அந்தந்தக் கார்டின் விதியைப் படித்துவிட்டு அதிலேயே கட்டுவது இன்னொன்று. மனைவிக்கு ஆட்-ஆன் கார்டு வாங்கினால் அவர் செலவும் அதே கணக்கில் சேரும்.

மேக்னஸ் விஷயத்தில் நான் எடுத்துக்கொண்டது என்னவென்றால், பாயிண்ட்டைச் சேமிப்பாக நினைக்கக் கூடாது, ஒரு பயணத்துக்கு வேண்டியதைச் சேர்த்து உடனே செலவழித்துவிட வேண்டும். அதே சமயம், வங்கியிலிருந்து விமான நிறுவனத்துக்கு அவசரப்பட்டும் மாற்றக் கூடாது. மாற்றினால் திரும்ப வராது. கிரிஸ்ஃப்ளையர் மைலுக்கு மூன்று வருடம்தான் ஆயுள், மாற்றிய நாளிலிருந்து அந்தக் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். சீட் இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகு மாற்றுங்கள்.

தாம்பரம் டு மெல்பர்ன்:

தம்பி, நான் இங்கே மெல்பர்னில் இருந்து எழுதுகிறேன், என் பெற்றோர் இதே வழியில் வந்து போகிறார்கள், அதனால் கையில் பட்ட சில விஷயங்கள்.

டிசம்பர் ஜனவரி வேண்டாம். இங்கே ஸ்கூல் லீவு, எல்லாரும் ஊருக்கும் வெளிநாட்டுக்கும் கிளம்புவார்கள், சேவர் சீட் கண்ணில் படாது, காசு விலையும் எகிறும். மார்ச் நல்லது, குளிரும் இல்லை, அப்பாவுக்கு நடக்க வசதி. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 355 நாளுக்கு முன்பே சீட் திறக்கும், இரண்டு பிசினஸ் சீட் ஒரே விமானத்தில் வேண்டும் என்றால் அப்போதே பார்க்க ஆரம்பியுங்கள். இல்லையென்றால் வெயிட்லிஸ்ட் போட்டு வைக்கலாம்.

பெயர் விஷயம்தான் நம் ஆட்களுக்குப் பெரிய தலைவலி. உங்கள் கிரிஸ்ஃப்ளையர் கணக்கிலிருந்து அடுத்தவருக்கு டிக்கெட் எடுக்க, அவர்களை நாமினியாக முதலில் சேர்க்க வேண்டும், ஐந்து பேர் வரை சேர்க்கலாம். அங்கே அப்பாவின் பெயரைப் பாஸ்போர்ட்டில் இருப்பது போல எழுத்துக்கு எழுத்து போடுங்கள். நம் அப்பாக்களுக்கு ரேஷன் கார்டில் இனிஷியல், ஆதாரில் இனிஷியல் பின்னால், பாஸ்போர்ட்டில் அது விரிந்து தாத்தா பெயராக இருக்கும், சிலருக்கு சர்நேம் கட்டமே காலியாக இருக்கும். காலியாக இருந்தால் அந்த நிறுவனம் எப்படிப் போடச் சொல்கிறது என்று போன் செய்து கேட்டுவிட்டே சேருங்கள். விசா, டிக்கெட், பாஸ்போர்ட் மூன்றிலும் ஒரே மாதிரி இருந்தால் செக்-இன் கவுன்டரில் யாரும் உங்களை ஓரமாக நிற்கச் சொல்லமாட்டார்கள்.

விசாவும் முக்கியம். அப்பா அம்மாவுக்கு 600 வகை விசிட்டர் விசா, வயதைப் பார்த்து மெடிக்கல் கேட்கலாம், அது நாளை இழுக்கும். சேவர் டிக்கெட்டை ஒரு கட்டணம் கட்டி ரத்து செய்தால் மைல் கணக்குக்குத் திரும்பும், அதனால் விசா வருவதற்கு முன் சீட்டைப் பிடித்து வைப்பதில் பெரிய ஆபத்து இல்லை. காசு கொடுத்து எடுக்கும் டிக்கெட்டை மட்டும் விசா வந்த பிறகு எடுங்கள்.

வீல்சேருக்கு டிக்கெட் எடுத்ததுமே சொல்லிவிடுங்கள், அது இலவசம். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் ஒரு டெர்மினலிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டி வந்தாலும் அவர்களே கூட்டிப் போய்விடுவார்கள். இடைவெளி இரண்டரை மணி நேரமாவது இருக்கிற மாதிரி விமானம் பாருங்கள், ஒரு மணி நேர கனெக்‌ஷன் வயதானவர்களுக்கு ஆகாது. அப்புறம், இங்கே கடைகளில் தேய்க்க அந்தப் பாயிண்ட் கார்டைக் கொண்டுவராதீர்கள், வெளிநாட்டுச் செலவுக்கு வங்கி போடும் ஃபாரெக்ஸ் மார்க்கப் சாதாரணமாக மூன்றரை சதவீதமும் அதன் மேல் ஜிஎஸ்டியும் போகும், கிடைக்கும் பாயிண்ட் அதற்குக் காணாது. மார்க்கப் இல்லாத கார்டு ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வில்லிவாக்கத்தான்:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. வீட்டில் பேசிவிட்டோம். எங்கள் இருவருக்கும் எகானமி, காசுதான். அம்மா அப்பாவுக்குப் போகும்போது மட்டும் சிங்கப்பூரிலிருந்து மைலில் உயர்த்தப் பார்க்கிறோம், இந்த வருட எல்ஐசி பிரீமியமும் தங்கையின் கல்யாணத்துக்குத் துணி எடுப்பதும் புதுக் கார்டில் போகும். அப்பாவின் பாஸ்போர்ட்டை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன், சர்நேம் காலியாகத்தான் இருக்கிறது. நாளைக்கே போன் செய்து கேட்டுவிட்டு நாமினியில் சேர்க்கிறேன்.