பழைய மஸ்டாங்கின் முன்பக்க சஸ்பென்ஷன்: நாங்கள் மாற்றியதும் மாற்றாமல் விட்டதும்

1966 மஸ்டாங், மிச்சிகன்

நண்பர்களே, முன்பக்கத்துக்கு எந்த கிட் வாங்கலாம் என்று கேட்பவர்களுக்காக என் கதையைச் சொல்கிறேன். நான் ஏறக்குறைய தவறான முடிவை எடுத்துவிட்டேன், கடைசி நேரத்தில் தப்பினேன்.

என்னுடையது 289 கன அங்குல வி8 எஞ்சின் உள்ள 1966 ஃபோர்டு மஸ்டாங் கூப். வாங்கிய முதல் மாதமே ஐ-75 நெடுஞ்சாலையில் பயந்துபோனேன். 65 மைல் வேகத்தில் கார் நேராகப் போகாது. லாரி டயர்கள் அழுத்திவைத்த தடம் இருந்தால் அதன் வழியே இழுக்கும். பெரிய லாரி ஒன்று தாண்டிப் போனால் பக்கத்து லேன் வரை ஒதுங்கும். ஸ்டியரிங்கைத் திருத்திக்கொண்டே ஓட்டி வீடு வந்து சேரும்போது தோள் இரண்டும் வலிக்கும்.

காட்டிய கடையில் ஐந்து நிமிடத்தில் முடிவு சொல்லிவிட்டார்கள். இந்த முன்பக்கம் உதவாது, ஷாக் டவரை (ஸ்பிரிங்கும் ஷாக்கும் உட்காரும் தகரக் கூடு) அறுத்து எடுத்துவிட்டு, 1970-களில் வந்த மஸ்டாங் 2 காரின் வகை முன்பக்கத்தையும் ரேக் அண்ட் பினியன் (பற்சக்கரம் பற்தண்டைத் தள்ளும்) ஸ்டியரிங்கையும் போடலாம் என்றார்கள். சொன்ன தொகை நான் காருக்கே கொடுத்ததில் பாதிக்கு மேல். முன்பணம் கட்டவும் தயாராகிவிட்டேன்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இப்போது இருக்கும் முன்பக்கம் சரியாக இருந்தால் எப்படி ஓடும் என்று உனக்குத் தெரியுமா?" தெரியாது. அந்த சனிக்கிழமை காரை ஸ்டாண்டில் ஏற்றினோம்.

இந்தக் காரின் அமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முன்பக்கம் 1960-இல் வந்த ஃபோர்டு ஃபால்கனிலிருந்து எடுத்தது. ஸ்பிரிங் மேல் கன்ட்ரோல் ஆர்மின் (சக்கரத்தை உடம்போடு இணைக்கும் இரண்டு கைகளில் மேலே உள்ளது) மேல் உட்கார்ந்திருக்கும், அதன் தலை ஷாக் டவருக்குள் இருக்கும். தனி சேஸிஸ் கிடையாது. முன்பாரம் முழுவதையும் அந்த இரண்டு தகர டவர்கள்தான் சுமக்கின்றன. அதனால் ஆர்மின் நுனியில் இருக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயிண்ட்டைச் சோதிக்கும் முறையே வேறு. கீழ் ஆர்மில் ஸ்பிரிங் உள்ள கார்களில் ஜாக்கைக் கீழ் ஆர்முக்கு அடியில் வைத்துத் தூக்கி ஆட்டிப் பார்ப்பார்கள். இதில் மேல் ஆர்முக்கு அடியில் ஒரு மரக்கட்டையைச் செருகிவிட்டு உடம்போடு சேர்ந்த ஃபிரேம் ரெயிலில் ஜாக் வைத்துத் தூக்க வேண்டும். அப்போதுதான் மேல் பால் ஜாயிண்ட்டின் மேலுள்ள பாரம் நீங்கி, ஆட்டம் இருந்தால் கையில் தெரியும்.

எனக்குத் தெரிந்தது இதுதான்: வலது மேல் பால் ஜாயிண்ட் ஆடியது. ஸ்டியரிங் இணைப்பைத் தாங்கும் ஐட்லர் ஆர்மும் தேய்ந்திருந்தது. கீழ் ஆர்மை முன்னால் இழுத்துப் பிடிக்கும் ஸ்ட்ரட் ராடின் ரப்பர் புஷ் இரண்டு பக்கமும் பொடிப்பொடியாகக் கையோடு வந்தது. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் சக்கரமே பின்னால் நகர்ந்துகொண்டிருந்திருக்கிறது! இந்த நிலையில் எந்தக் கார் நேராகப் போகும்?

தேய்ந்ததை எல்லாம் மாற்றினோம். ஸ்ட்ரட் ராடுக்கு இரண்டு பக்கமும் பாலியூரித்தேன் புஷ் போடப் போனேன், அந்தப் பெரியவர் தடுத்துவிட்டார். ராட் மேலும் கீழும் சாய்ந்து வேலை செய்ய வேண்டியது. இரண்டு பக்கமும் கெட்டியான புஷ் இருந்தால் சாய இடமில்லாமல் வளைந்து வளைந்து கடைசியில் முறிந்துவிடும். நல்ல ரப்பரே போட்டோம். கீழ் ஆர்ம் போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போது இறுக்காதீர்கள். கார் தன் எடையில் தரையில் நிற்கும் உயரத்தில்தான் இறுக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.

ஸ்பிரிங்கை எப்படியும் கழற்ற வேண்டியிருந்தது. அதனால் அப்போதே மேல் ஆர்மையும் இறக்கினோம். இதற்கு ஷெல்பி டிராப் என்று பெயர். ஃபோர்டு இன்ஜினியர் க்ளாஸ் ஆர்னிங் வகுத்த ஜியோமெட்ரி இது. மஸ்டாங்கின் பந்தய வடிவமான 1965 ஷெல்பி ஜிடி350-இல் மேல் ஆர்மின் துளைகளை 1 அங்குலம் கீழே இறக்கியிருந்தார்கள். 1966-இல் செலவைக் குறைக்க இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். பக்கத்துக்கு இரண்டு துளை, ஒரு டெம்ப்ளேட், கூர்மையான டிரில் பிட், அவ்வளவுதான் தேவை. வளைவில் கார் சாயும்போது வெளிப்பக்க டயரின் தலை உள்நோக்கிச் சாய்ந்து, ரப்பர் சாலையோடு ஒட்டி நிற்கும். முன்பு டயரின் வெளி ஓரம் மட்டும் தேய்ந்துகொண்டிருந்தது. இந்தக் காரில் நான் செய்த வேலைகளில் குறைந்த செலவில் அதிகப் பலன் தந்தது இதுதான்.

அப்புறம் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்வது. இதைத் தனியாகவே சொல்ல வேண்டும். பழைய மேனுவலில் உள்ள அளவு அந்தக் காலத்து பயாஸ் பிளை (இழைகள் சாய்வாகக் குறுக்கிடும்) டயர்களுக்கானது. அதில் காஸ்டர், அதாவது பக்கவாட்டில் பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சு சாய்ந்திருக்கும் கோணம், பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும். இன்று நாம் எல்லோரும் ரேடியல் டயர் போட்டிருக்கிறோம். கடைக்காரர் மெஷினில் '1966 மஸ்டாங்' என்று தட்டி அந்த அளவை வைத்துக் கொடுத்தால் கார் அலையும். நான் ஒரு காகிதத்தில் எழுதிக் கொண்டுபோனேன்: காஸ்டர் பாசிட்டிவ் 2.5 டிகிரி, கேம்பர் நெகட்டிவ் அரை டிகிரி (டயரின் தலை உள்நோக்கிச் சாய்வது), டோ-இன் 1/8 அங்குலம் (டயர்களின் முன் ஓரங்கள் உள்நோக்கி இருப்பது). 1965, 66 கார்களில் மேல் ஆர்முக்குப் பின்னால் ஷிம் (மெல்லிய தகட்டுத் துண்டு) வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும், பொறுமை உள்ள ஆள் வேண்டும். பவர் ஸ்டியரிங் இல்லாததால் பார்க்கிங் செய்யும்போது கை கொஞ்சம் கனக்கிறது. அது எனக்குப் பரவாயில்லை.

ஆகஸ்டில் உட்வர்ட் அவென்யூ கார் ஊர்வலத்துக்கு ஐ-75 வழியே போனேன். ஒரு கையால் ஓட்டினேன். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டு வந்தாள்.

1970 சேலஞ்சர், டெக்சாஸ்

அண்ணா, நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. என் கார் டாட்ஜ் என்பதால் கதை கொஞ்சம் வேறு. இதில் முன்னால் காயில் ஸ்பிரிங்கே கிடையாது. கிரைஸ்லர் 1957 முதல் போட்டுவந்த டார்ஷன் பார்தான். நீளவாக்கில் கிடக்கும் இரும்புத் தண்டு முறுக்கிக்கொண்டு பாரத்தைத் தாங்கும். ஒரு போல்ட்டைத் திருகினால் காரின் உயரம் ஏறும், இறங்கும்.

என்னுடைய பார் 0.88 அங்குலம். 1 அங்குல பார் வாங்கினேன். வெறும் 0.12 அங்குலம்தானே கூடுகிறது என்று நினைத்தேன். ஆனால் தண்டின் விறைப்பு குறுக்களவின் நான்காம் அடுக்கில் கூடும். கணக்குப் போட்டால் மூன்றில் இரண்டு பங்கு கூடுதல் விறைப்பு. பழைய ஷாக்கையே விட்டுவைத்தேன், அதுதான் தவறு. பாலத்தின் இணைப்புகளில் ஏறி இறங்கும்போது முன்பக்கம் படகு மாதிரி துள்ளியது. கெட்டியான பார்தான் காரணம் என்று நினைத்து அதைக் கழற்றவே போய்விட்டேன். நல்ல ஷாக் போட்ட அன்றே துள்ளல் நின்றது. ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஜோடி. ஒன்றை மாற்றினால் மற்றதையும் மாற்றப் பணம் ஒதுக்கி வையுங்கள்.

இன்னொன்று. பாரைக் கழற்றும்போது நேராக இடுக்கிப் பிளையர் போட்டுக் கடித்துவிடாதீர்கள். மேலே விழும் சிறு கீறல்கூட நாளடைவில் வெடிப்பாகும். இடது பாரும் வலது பாரும் வேறு வேறு, மாற்றிப் போடக் கூடாது.

காயில்ஓவர் (ஷாக்கைச் சுற்றியே ஸ்பிரிங் இருப்பது) முன்பக்கம் போட்டால் எடை குறையும், எக்ஸாஸ்ட்டுக்கு இடம் கிடைக்கும் என்பார்கள், உண்மைதான். ஆனால் இந்த உடம்பைக் கட்டியவர்கள் முறுக்கு விசையைப் பின்னால் இருக்கும் கிராஸ்மெம்பர் (குறுக்குச் சட்டம்) தாங்கட்டும் என்று கட்டினார்கள். காயில்ஓவர் அந்தப் பாரத்தை முன்னால், அதற்கென்று கட்டப்படாத இடத்துக்குக் கொண்டுபோகிறது. துருப்பிடித்த காரில் அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

1970 ஷெவெல், ஒஹாயோ

சுருக்கமாகச் சொல்கிறேன். எனக்கு முன் இந்தக் காரை வைத்திருந்தவர் பெரிய ஷெவர்லே காரின் உயரமான ஸ்பிண்டிலை (சக்கரம் மாட்டும் அச்சுத் துண்டு) போட்டிருந்தார். ஷெவெலின் குட்டையான ஸ்பிண்டிலால் சக்கரம் மேலே ஏறும்போது கேம்பர் தப்பான பக்கம் போகும், அதைத் திருத்த ஒரு காலத்தில் பலர் செய்த வேலை இது. வளைவில் நன்றாகத்தான் பிடித்தது. ஆனால் மேடு பள்ளத்தில் ஏறினால் கையில் இருக்கும் ஸ்டியரிங் தானாகத் திரும்பும். டை ராட் சுற்றும் வட்டமும் ஆர்ம் சுற்றும் வட்டமும் பொருந்தாமல் போனதால் வந்த பம்ப் ஸ்டியர். மழையில் ஒருமுறை கிட்டத்தட்ட தடுப்பில் இடித்திருப்பேன்.

பழைய அளவு ஸ்பிண்டிலுக்கே திரும்பினேன். நீளமான மேல் பால் ஜாயிண்ட்டும் அதற்கேற்ற மேல் ஆர்மும் போட்டேன். வளைவுப் பிடிப்பு பெரும்பாலும் அப்படியே இருக்கிறது, கை உதறல் போய்விட்டது. வாங்குவதற்கு முன் விற்பவரிடம் கேம்பரை மட்டும் கேட்காதீர்கள், பம்ப் ஸ்டியர் எவ்வளவு என்று கேளுங்கள். அளந்து வைத்திருப்பவர் எண்ணைச் சொல்வார்.

1965 மஸ்டாங், நியூ ஜெர்சி

மிச்சிகன் அண்ணா, உங்கள் அனுபவத்தைப் படித்துவிட்டு ஷெல்பி டிராப் செய்ய உட்கார்ந்தேன். டிரில்லை எடுப்பதற்கு முன் இரண்டு டவருக்கும் நடுவில் போடும் மான்டி கார்லோ பாரை வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் போல்ட் ஏறியது, மறுபக்கம் துளையே சேரவில்லை. கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம். விளக்கடித்துப் பார்த்தால் இடது டவரில் மேல் ஆர்ம் போல்ட்டுக்குப் பக்கத்தில் முடி மாதிரி ஒரு வெடிப்பு. என்ன செய்யலாம்? எனக்கும் இப்போது மஸ்டாங் 2 முன்பக்கம்தானா?

1966 மஸ்டாங், மிச்சிகன்

தம்பி, டிரில்லைக் கீழே வைத்துவிடுங்கள். டவர்கள் உள்நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. வயதான மஸ்டாங்கில் இது வருவதுதான், ஆனால் வெடிப்போடு வந்திருப்பதால் உடம்பு வேலைதான் முதலில். உடம்பை அளந்து நேராக்கும் ஃபிரேம் பெஞ்ச் வைத்திருக்கும் கடையில் அளக்கச் சொல்லுங்கள். டவரை இழுத்து நேராக்கி, வெடிப்பை வெல்டு செய்து, டவரையும் கண்ணாடிக்கு முன்னால் உள்ள கௌலையும் இணைக்கும் எக்ஸ்போர்ட் பிரேஸைப் போட்டால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். அதற்குப் பிறகு துளை போடுங்கள்.

தகரம் துருவில் போயிருந்தாலோ, அகலமான புது 5.0 கொயோட்டி எஞ்சினைத்தான் வைக்கப் போகிறீர்கள் என்றாலோ, டவரை எடுப்பதில் நியாயம் இருக்கிறது. 289-ஐயே வைத்துக்கொள்வதாக இருந்தால் எனக்குக் காரணம் தெரியவில்லை. அளந்த எண்களை எழுதுங்கள், அதுவரை அந்தக் காரை நெடுஞ்சாலையில் எடுக்காதீர்கள்.